அரசனிலிருந்து அரிசி வரை: ‘செக்’ என்ற சொல் பற்றி ஒரு விமரிசனம்

மொழியில் பெரிய சொற்களுக்குக் கிடைக்கும் மரியாதை சின்னச் சொற்களுக்குக் கிடைப்பதில்லை. தத்துவம், நாகரிகம், பண்பாடு என்றெல்லாம் எழுதிக் குவிக்கிறோம். நாள் பூராவும் வாயில் புழங்குகிற ஓரசைச் சொல்லை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஆங்கில அகராதி தொகுத்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்லுவார்கள். 1989இல் இரண்டாம் பதிப்பாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்குத்தான். அடுத்த பதிப்புப் பணியில் ‘ரன்’ என்ற சொல் அதை முந்திவிட்டது. சொல் சின்னதாக இருந்தால் பொருள் பெருகும் என்பது ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட ஒரு விதி.

நான் எடுத்துக்கொண்டிருப்பது ‘செட்’டும் அல்ல, ‘ரன்’னும் அல்ல. ‘செக்’. காரணம், மற்ற இரண்டும் ஆங்கிலத்தில் பெரியவை. இதுவோ நம் வீட்டுத் தமிழிலேயே பெரியதாகிவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். காலையில் “கேஸ் மூடியாச்சான்னு செக் பண்ணு.” பள்ளிக்கூட வேன் வருமுன் “பையை செக் பண்ணிக்கோ.” பஸ்ஸில் “செக்கிங் ஏறிட்டாங்க.” வங்கியில் செக் புத்தகம். ஆஸ்பத்திரியில் மாஸ்டர் செக்கப். மாநில எல்லையில் செக் போஸ்ட். ஊருக்கு வெளியே ஓடையில் செக் டேம். சைக்கிள் கடையில் செக்நட். ஜவுளிக்கடையில் செக்டு சட்டை. சாயங்காலம் பிள்ளைகள் செஸ் ஆடும்போது “செக்!” மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில், கூட்டணித் தலைவருக்கு இன்னொரு தலைவர் “செக் வைத்தார்.”

இவை எல்லாம் ஒரே சொல்லா? ஒரே சொல் என்றால் ஓடையில் கட்டுகிற அணைக்கும், சட்டையில் போட்ட கட்டத்துக்கும், வங்கிக் காகிதத்துக்கும் என்ன உறவு? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் பாரசீகம் வரை போக வேண்டியிருக்கிறது. போய்விட்டுத் திரும்பி வரும்போது நம் சமையலறையில் ஏதோ ஒன்று காணாமல் போயிருப்பதும் தெரியவருகிறது.

ராஜாவைக் கூப்பிட்ட குரல்

‘செக்’ என்பதன் மூலம் ஒரு அரசன். பாரசீக மொழியில் அரசனுக்கு ‘ஷா’ என்று பெயர். மன்னன் தாரியஸ் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பெஹிஸ்துன் மலைப்பாறையில் வெட்டிவைத்த கல்வெட்டிலேயே இதன் பழைய வடிவம் இருக்கிறது. வடமொழியின் ‘க்ஷத்திரம்’, ‘க்ஷத்திரியர்’ என்பவற்றுக்கு மூலமான வேரோடு அது உறவுடையது என்பது மொழியியலார் முடிவு. ஷாஜஹானில் இருப்பதும் அந்த ஷாதான். நாம் சக்கரவர்த்தியையும் சொல்லி, தீபாவளி இனிப்பையும் சொல்லுகிறோமே, ‘பாதுஷா’, அதில் சக்கரவர்த்தியின் பங்கும் அந்த ஷாதான்.

இந்த ஷா ஆட்டத்துக்குள் எப்படி வந்தார்? இந்தியாவில் பிறந்த ‘சதுரங்கம்’ பாரசீகத்துக்குப் போய் ‘சத்ரங்’ ஆயிற்று. அரபியரிடம் ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. சதுரங்கம் என்றால் நான்கு அங்கம், அதாவது தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படை. பலகை சதுரமாக இருப்பதால் ‘சதுர அரங்கம்’ என்று பிரித்து விளக்குகிற அன்பர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியல்ல. பெயர் வந்தது பலகையால் அல்ல, படையால்.

பாரசீக வழக்கப்படி எதிராளியின் அரசனைத் தாக்கும்போது “ஷா!” என்று எச்சரிக்க வேண்டும். ‘அரசே, பார்த்துக்கொள்’ என்பது கருத்து. அந்தக் குரல் அரபியர் மூலம் ஐரோப்பாவுக்குப் போய் லத்தீனில் ‘ஸ்காக்குஸ்’ ஆகி, பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘செக்’ என்று நின்றது. அதன் பன்மை வடிவத்திலிருந்துதான் ஆட்டத்துக்கே ‘செஸ்’ என்ற பெயர் வந்தது. ஆக, “செஸ்ஸில் செக்” என்று சொல்லும்போது “அரசர்களில் அரசன்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

இனிப் பொருள் வளர்ந்த விதத்தைப் பாருங்கள். அரசனுக்கு செக் வந்துவிட்டால் மற்ற வேலை எல்லாம் நின்றுபோகும். போட்டுவைத்த திட்டத்தைக் கைவிட்டு முதலில் அரசனைக் காப்பாற்றியாக வேண்டும். எனவே ‘செக்’ என்பதற்குத் ‘திடீர்த் தடை’ என்ற பொருள் வந்தது. தடையிலிருந்து ‘கட்டுப்பாடு’. ஓடைத் தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிற செக் டேம், மரை கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்கிற செக்நட், வண்டியை மறிக்கிற செக் போஸ்ட் எல்லாம் இந்தக் கிளை. கட்டுப்பாடு எதற்கு? தவறு நடக்காமல் இருக்க. தவறு நடந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும். இப்படித்தான் ‘சரிபார்ப்பது’ என்ற பொருள் கடைசியில் வந்து சேர்ந்தது. நாம் இன்று முதலில் நினைக்கிற பொருள் வரலாற்றில் கடைக்குட்டி.

கட்டம் போட்ட மேஜை

இரண்டாவது கிளை அரசனிலிருந்து அல்ல, அவர் நின்ற பலகையிலிருந்து வருகிறது. சதுரங்கப் பலகைக்கு லத்தீனில் ‘ஸ்காக்காரியம்’. அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘எக்ஸ்செக்கர்’ என்றாயிற்று. இங்கிலாந்து நிதியமைச்சரை இன்றும் ‘சான்ஸலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்றுதான் சொல்லுகிறார்கள். சதுரங்கப் பலகைக்கும் அரசாங்கக் கஜானாவுக்கும் என்ன சம்பந்தம்?

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி மன்னரின் பொக்கிஷதாரராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், இந்த அலுவலகம் நடக்கிற விதத்தைக் கேள்வி பதிலாக ஒரு நூலில் எழுதிவைத்திருக்கிறார். சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேஜை. அதன்மேல் கோடு போட்ட கறுப்புத் துணி. ஒவ்வொரு பத்தியிலும் பென்னி, ஷில்லிங், பவுண்டு என்று மதிப்புக்கேற்ப வில்லைகளை வைத்து நகர்த்திக் கணக்குப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் பொக்கிஷதாரர், மறுபக்கம் மாவட்டத்திலிருந்து வரி வசூலித்துக்கொண்டு வந்த ஷெரீஃப். சதுரங்கத்தில் இரண்டு அரசர்கள் மோதுவதுபோல இங்கே இவ்விருவர் மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நீலே ஒப்பிடுகிறார். வரி கட்டினவர்களுக்கு அது எவ்வளவு பொருத்தமான உவமை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை!

சட்டைத் துணியின் ‘செக்’கும் இந்தப் பலகைக் கிளைதான். கட்டம் போட்ட துணி என்றால் அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைப் பட்டினத்திலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட பருத்தித் துணி மேற்கு ஆப்பிரிக்காவில் ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்று பெயர் வாங்கியது. அமெரிக்காவில் இன்றும் ‘மெட்ராஸ்’ என்றால் ஊர் அல்ல, அந்தக் கட்டத் துணி. நம் கைலியின் உறவினர் வெளிநாட்டில் கோட்டாகத் திரிகிறார் என்று சொல்லலாம்.

காகிதச் செக்

மூன்றாவது கிளையில்தான் ஒரு ருசியான குழப்பம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் வங்கிக் காகிதத்தில் மோசடியைத் தடுக்க, கிழித்துக் கொடுத்த பிறகு புத்தகத்திலேயே தங்கிவிடுகிற அடித்தாளுக்குத்தான் ‘செக்’ என்று பெயர். இரண்டு துண்டையும் ஒப்பிட்டுக் கள்ளத்தைப் பிடிக்கலாம். பிறகு, தங்குகிற துண்டின் பெயர் கிழித்துக் கொடுக்கிற துண்டுக்குப் போய்விட்டது. வேலைக்காரன் பெயர் எஜமானனுக்கு வந்த மாதிரி.

அமெரிக்கர்கள் அதைச் சரிபார்க்கிற ‘செக்’கின் எழுத்துக்கூட்டலிலேயே வைத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷார் 19ஆம் நூற்றாண்டில் ‘எக்ஸ்செக்கர்’ என்பதன் சாயலில் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். குழப்பம் தவிர்க்க இதுவே நல்லது என்று 1820களின் பிற்பகுதியில் கில்பார்ட் என்ற வங்கியாளர் தம் வங்கி நூலில் வாதாடினார். நமது 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டமும் பிரிட்டிஷ் எழுத்தையே எடுத்துக்கொண்டது. பணமில்லாமல் செக் திரும்பினால் குற்றம் என்ற 138ஆம் பிரிவு அதில் 1988 திருத்தத்தால் சேர்ந்தது. அதனால்தான் இந்தியாவில் படித்துவிட்டு அமெரிக்கா போகிற நம் பிள்ளைகள் அங்கே போய்ச் செக்கை வேறு எழுத்தில் எழுதுகிறார்கள். சாப்பிட்ட பில்லையும் ‘செக்’ என்றே கேட்கப் பழகுகிறார்கள்.

ஆக மொத்தம் மூன்று கிளை: தடை, கட்டம், காகிதம். மூன்றுக்கும் ஒரே ஷா.

இந்தியில் வந்த அண்ணன்

வடக்கே குடியிருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கதையில் ஒரு தனி லாபம் உண்டு. நாம் அந்த அரசனை இரண்டு வாசல் வழியாகச் சந்திக்கிறோம். ஆங்கிலத்தில் ‘செக்’ என்று சொல்லுகிற அதே இடத்தில் இந்திக்காரர் ‘ஷஹ்’ என்கிறார். ‘ஷஹ் அவுர் மாத்’ என்பது செக்கும் செக்மேட்டும். ‘மாத்’ என்பதை ‘இறந்தான்’ என்ற அரபிச் சொல்லாகக் கொண்டு ‘அரசன் இறந்தான்’ என்று பொருள் சொல்வது பரவலான வழக்கம். ஆனால் பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் ‘திகைத்துப்போன, வழியற்ற’ என்று பொருள். சதுரங்கத்தில் அரசனை யாரும் வெட்டுவதில்லை. நகர வழியில்லாமல் நிற்கிறபோதே ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஆகவே ‘வழியற்றான்’ என்பதே ஆட்டத்துக்குப் பொருந்துகிறது என்பது என் கட்சி. பிரேம்சந்த் 1924இல் எழுதிய, 1977இல் சத்யஜித் ராய் படமாக்கிய ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’யின் லக்னோ பிரபுக்களும் நாடு பறிபோகும்போது வழியற்று நின்றவர்கள்தானே!

வியப்பு இனிமேல்தான். இந்தியில் ‘ஷஹ் தேனா’ என்றால் ஆட்டத்துக்கு வெளியே என்ன பொருள்? தூண்டிவிடுவது, பின்னால் நின்று தைரியம் கொடுப்பது. “யாருடைய ஷஹ்யில் இந்தப் பையன் இப்படி ஆடுகிறான்?” என்பார்கள். இந்திப் பத்திரிகைகளைப் புரட்டினால் இது அடிக்கடி கண்ணில் படும். ஒரே பாரசீகக் குரல் ஆங்கிலத்தில் போய் ‘அடக்கு’ என்றாயிற்று. இந்தியில் வந்து ‘ஏற்றிவிடு’ என்றாயிற்று. நேர் எதிர்! நம் தமிழ்ப் பத்திரிகைகளின் ‘செக் வைத்தார்’ என்பதோ ஆங்கிலக் கிளையிலிருந்து வந்து, ஆட்டத்தின் பழைய பொருளிலேயே நிற்கிறது: மடக்கினார், நகர முடியாமல் செய்தார்.

இதிலிருந்து ஒரு பாடம் கற்கலாம். ஒரு சொல்லின் மூலம் தெரிந்துவிட்டால் பொருள் தெரிந்துவிட்டது என்று நினைப்பது தவறு. மூலம் பிறந்த ஊரைச் சொல்லும். பிழைக்கப் போன ஊரில் அது என்ன தொழில் பார்க்கிறது என்பதைச் சொல்லாது. வெளி மாநிலத்தில் வாழ்கிற நமக்கு இது விளங்காத சங்கதியா என்ன?

செக்கும் செக்கும் ஒன்றல்ல

நம் சங்க மலர்களில் சொல்லாராய்ச்சி என்றாலே ஒரு ஆசை வந்துவிடுகிறது. எந்த அயல்மொழிச் சொல்லையும் தமிழிலிருந்து பிறந்ததாகக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை. ‘செக்’கை வைத்துக்கொண்டும் அப்படிச் செய்யலாம். தமிழில் ‘செக்கு’ இருக்கிறதே! கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு, ‘செக்கென்றும் சிவலிங்கமென்றும் தெரியாதவன்’ என்ற பழமொழியில் வருகிற செக்கு. செக்கு எள்ளை அழுத்தும், செக் என்பதும் நெருக்கடி, எனவே செக்கிலிருந்து செக் என்று ஐந்து நிமிஷத்தில் ஒரு கட்டுரை தயார்! ‘செக்கர் வானம்’ என்பதை டிக்கெட் செக்கரோடு சேர்த்தால் இன்னும் ஒரு பக்கம் வளரும். செக் குடியரசையும் இழுத்துவிட்டால் ஐரோப்பாவே நம் கையில்.

ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. எண்ணெய்ச் செக்கு தமிழ். செக்கர் வானம் சிவப்பிலிருந்து வந்தது. செக் குடியரசு ஸ்லாவிய இனப் பெயர். ஆங்கிலச் செக்கோ ஷாவின் வாரிசு. நான்கும் தமிழ் எழுத்தில் ஒரே மாதிரி நிற்பது தற்செயல். சொல் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, யார் கையால், எந்த நூற்றாண்டில் போயிற்று என்று காட்டினால்தான் உறவு நிலைக்கும். ஸ்காக்குஸ், எஷெக், செக் என்று படிப்படியாக ஏடுகளில் நிற்பதால்தான் ஷாவின் உரிமை செல்லுபடியாகிறது.

இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். வேண்டாம். நமக்கு உண்மையாகச் சேர வேண்டிய பங்கு ஏராளமாக இருக்கிறது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் ஆங்கில அகராதியில் தமிழ்ப் பிறப்புச் சான்றிதழோடு உட்கார்ந்திருக்கின்றன. யூலும் பர்னெலும் 1886இல் வெளியிட்ட ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ இப்படிப்பட்டவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறது.

‘கேஷ்’ என்ற சொல்லையே பாருங்கள். காசிலிருந்து கேஷ் வந்தது என்று மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். அது பாதி உண்மை. ஆங்கிலத்தில் இரண்டு ‘கேஷ்’ உண்டு. கீழ்த்திசை நாடுகளின் சில்லறை நாணயத்தைக் குறித்த கேஷ், போர்த்துகீசியர் மூலம் நம் காசிலிருந்து போனது. ரொக்கப் பணம் என்ற கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் எழுத்தில் கலந்துவிட்டன. பாதி உண்மையை முழு உண்மை என்று சொன்னால், நாளைக்கு நம் பெண்ணோ பையனோ அகராதியைப் பார்க்கும்போது அந்தப் பாதியையும் சேர்த்து நம்பாமல் போவார்கள். பெருமைக்காகச் செய்கிற கலப்படம் பெருமையைத்தான் முதலில் கெடுக்கும்.

தமிழில் நாம் செய்தது

இனி, ‘செக்’ தமிழுக்கு வந்தபோது நாம் அதை எப்படிக் கையாண்டோம் என்று பார்ப்போம். இதில் மெச்சத்தக்கது நிறைய இருக்கிறது. வங்கிச் செக்குக்குக் ‘காசோலை’ என்று பெயர் வைத்தார்களே, அதைவிட அழகான ஆக்கம் அபூர்வம். பணத்துக்குக் காசு, ஆணை எழுதின கடிதத்துக்கு ஓலை. வரைவோலை அதற்குத் தம்பி. செக் போஸ்ட்டுக்குச் ‘சோதனைச் சாவடி’. சாவடி என்ற பழைய சொல்லுக்கு மறுவாழ்வு. செக் டேமுக்குத் ‘தடுப்பணை’. இது இன்னும் மேல், ஏனென்றால் ‘தடை’ என்ற மூலப் பொருளையே பிடித்துவிட்டது. ரயிலில் ‘பயணச்சீட்டுப் பரிசோதகர்’, கணக்குக்குத் ‘தணிக்கை’.

இவற்றைச் செய்தவர்கள் ‘செக்’ என்றால் தமிழில் என்ன என்று கேட்கவில்லை. இந்த இடத்தில் நடக்கிற காரியம் என்ன என்று கேட்டார்கள். அணையில் தடுத்தல், சாவடியில் சோதித்தல், கணக்கில் தணிக்கை. இடத்துக்கு இடம் வேறு சொல். இதுதான் சரியான முறை.

பிழையான முறையும் உண்டு. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று பட்டியல் போட்டு, ‘செக்’ என்றால் ‘சரிபார்’ என்று ஒற்றைச் சொல்லை நிறுத்திவிடுவது. தூய தமிழ் பேச ஆசைப்படுகிற அன்பர் அதை நம்பி, “சோறு வெந்துவிட்டதா என்று சரிபார்” என்பார். எழுத்து தமிழ்தான், ஆனால் அது ‘செக் பண்ணு’ என்பதற்கு வேட்டி கட்டிவிட்டது மட்டுமே. தமிழ்நாட்டில் எந்தப் பாட்டியும் சோற்றைச் சரிபார்த்ததில்லை. பதம் பார்த்தாள்.

பதம் பார்ப்பது

என் விமரிசனத்தின் மையம் இதுதான். தமிழில் ஒன்றைச் சோதிக்கிற காரியத்துக்கு ஒரு தனி இலக்கணமே இருக்கிறது. ஒரு வினையெச்சம், பின்னால் ‘பார்’. வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார். முருங்கைக்காயை முறுக்கிப் பார். தேங்காயை ஆட்டிப் பார். மண்பானையைத் தட்டிப் பார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார். பாகைக் கையில் தொட்டு இழுத்துப் பார். பொன்னை உரைத்துப் பார். நெற்றியைத் தொட்டுப் பார், நாடி பிடித்துப் பார், துணியை நனைத்துப் பார், ஆளைப் பழகிப் பார். இங்கே ‘பார்’ என்பது கண்ணின் வேலை அல்ல, முயன்று அறிவது. முன்னால் நிற்கிற சொல், எந்தப் புலனால், எந்த வழியில் அறிவது என்பதைச் சொல்லிவிடுகிறது. ஒரு வாக்கியத்துக்குள் கட்டளையும் இருக்கிறது, செய்முறையும் இருக்கிறது.

இப்போது இவை எல்லாவற்றுக்கும் ‘செக் பண்ணு’ போட்டுப் பாருங்கள். வெண்டைக்காய் செக் பண்ணு, தேங்காய் செக் பண்ணு, தோசைக்கல் செக் பண்ணு. கட்டளை நிற்கிறது, செய்முறை போய்விட்டது. சாம்பாரில் உப்பு செக் பண்ணு என்றால் வாயில் போட்டா, மோந்தா? நைவேத்தியத்துக்கு வைத்திருப்பதை வாயில் போட்டுப் பார்க்கக்கூடாது என்று அந்தச் சொல்லுக்குத் தெரியாது.

ஆங்கிலத்தின் மீது பழி போடுவது நியாயமில்லை. ஆங்கிலக்காரருக்கு ‘செக்’ மட்டுமா இருக்கிறது? ருசி பார்க்க ஒரு சொல், தொட்டுப் பார்க்க ஒரு சொல், ஆராய ஒரு சொல், மெய்ப்பிக்க ஒரு சொல் என்று பெரிய குடும்பம் அவர்களுக்கு உண்டு. அந்தக் கூட்டுக்குடும்பத்தில் ‘செக்’ ஒரு பிள்ளை. நாம் அந்த ஒரு பிள்ளையை மட்டும் அழைத்துவந்து நம் வீட்டில் இருந்த பத்துப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டோம். கடன் வாங்கியதால் மொழி ஏழையாவதில்லை. ஒன்றைக் கடன் வாங்கிப் பத்தைத் தொலைத்தால் ஆகும்.

தமிழ்நாட்டிலும்தான் ‘செக் பண்ணு’ என்கிறார்கள், வெளியே இருக்கிற நம்மை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. அங்கே வீட்டில் ‘செக்’ கேட்கிற குழந்தை, காய்கறிக் கடையில் ‘ஒடிச்சுப் பாக்காதீங்கம்மா’ என்பதையும் கேட்டுவிடும். தெருவே அதற்கு இன்னொரு பள்ளிக்கூடம். நம் குழந்தைகளுக்கு டில்லியிலோ மும்பையிலோ போபாலிலோ தெருவில் வேறு மொழி. தமிழ் என்றால் அம்மா அப்பா வாயிலிருந்து வருவது மட்டும்தான். அந்த ஒற்றைக் குழாயில் எது வரவில்லையோ அது இல்லவே இல்லை. பாட்டியோடு ஃபோனில் பேசும்போது, பேத்தி “செக் பண்ணேன் பாட்டி” என்றால் பாட்டிக்குப் புரிந்துவிடும். பாட்டி “பதம் பாத்து இறக்கினியாடி?” என்றால் பேத்திக்குப் புரியாது. இந்த ஒருவழிப் பாதைதான் எனக்குக் கவலை. சொல் புரியாதபோது பாட்டி சொல்லவந்த சமையலும் சேர்ந்து போகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழியில் புள்ளியியலின் மாதிரி எடுக்கும் தத்துவமே அடங்கியிருக்கிறது. ‘பதம்’ தெரியாத குழந்தைக்கு அது வெறும் சோற்றுக் கதை.

இன்னொரு ஆட்சேபமும் வரும். பிள்ளைகள் தமிழில் பேசுவதே பெரிது, அதில் போய் நொட்டை சொன்னால் உள்ளதும் போய்விடும் என்பது. இந்தப் பயம் நியாயமானது. வாயைத் திறக்கும்போதெல்லாம் திருத்தினால் வாய் மூடிக்கொள்ளும். எனவே என் யோசனை திருத்துவது அல்ல.

முதலாவது, பொருளோடு கூட வந்த சொல்லை விட்டுவிடலாம். செக்நட், விமான நிலையத்தில் செக்-இன், ஆட்டத்தில் செக். ஆட்டம் இங்கிருந்து போய், ஊர் சுற்றி, வேறு பெயரோடு திரும்பியிருக்கிறது. நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில் இறைவனே சதுரங்கம் ஆடியதாகத் தலபுராணம் சொல்ல, சதுரங்க வல்லபநாதர் என்று அவருக்குப் பெயர். 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் சென்னைப் பிள்ளை குகேஷ் 18 வயதில் உலகப் பட்டம் வென்றார். அவர்களைப் பார்த்து ஆடத் தொடங்கியிருக்கும் குழந்தையிடம் ‘செக்’ என்று சொல்லாதே என்பது வீண் வேலை. அந்தச் சொல்லுக்குள் ஒரு ஷா ஒளிந்திருக்கிறார் என்று சொன்னால் ஆவலோடு கேட்கும்.

இரண்டாவது, நம் முன்னோர் காலத்திலிருந்தே நாம் கையால் செய்துவருகிற காரியங்களில், குழந்தை “செக் பண்ணிட்டேன்” என்று வந்து நின்றால் முகம் சுளிக்காமல் ஒரு கேள்வி கேட்கலாம்: “எப்படிப் பாத்தே?” விடை சொல்ல வேண்டுமானால் குழந்தைக்கு வினைச்சொல் தேவைப்படும். தட்டியா, ஆட்டியா, ஒடித்தா, தொட்டா என்று அதுவே தேடும். கிடைக்காவிட்டால் நாம் எடுத்துக் கொடுக்கலாம். கண்டிப்பு இல்லை, பாடம் இல்லை. சமையலறையில் இரண்டு பேர் பேசிக்கொள்கிற பேச்சுதான். பத்து நாள் கேட்டால் பத்துச் சொல்.

ஷா பாரசீகத்திலிருந்து கிளம்பி, வங்கிக்கும் சட்டைக்கும் அணைக்கும் பெயர் கொடுத்துவிட்டு, கடைசியில் நம் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். வந்தவருக்கு உட்கார இடம் கொடுப்பது தமிழ்ப் பண்பு. அடுப்படியை எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.